ஆம் என்று எழுதிய ராஜமேரி

1966ஆம் ஆண்டுக் கோடையில் பனங்காட்டூர்ப் பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலக்கோட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஊர்க் கிணறு வற்றிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. போட்டுத் தருவதாகச் சொன்ன போர்வெல் வந்தபாடில்லை. காலையில் வந்த பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார், பெண்கள் கத்தினார்கள், இறங்கிய பயணிகளும் சேர்ந்து கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்து முன்கண்ணாடியை உடைத்தது. சில்லு குத்தி டிரைவரின் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

ரத்தத்தைக் கண்டதும் கூட்டம் குடங்களைப் போட்டுவிட்டுக் கொல்லைக்காட்டுப் பக்கம் ஓடிவிட்டது. ஓடாமல் பஸ்ஸுக்குள் ஏறியவள் ராஜமேரி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கட்டியிருந்த தாவணியின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, டிரைவரின் தலையைச் சீட்டில் சாய்த்து, காயத்தை அழுத்திக் கட்டினாள். போலீஸ் ஜீப் வந்தபோது சாலையில் மிச்சம் இருந்தவர்கள் ஓட முடியாத நாலு கிழவிகளும், இரண்டு கையிலும் ரத்தம் அப்பியிருந்த ராஜமேரியும்தான். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரைவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கலகம் செய்தது, காயப்படுத்தியது என்று வழக்குப் பதிவானது. ராஜமேரி இரண்டு வாரம் சேலம் ஜெயிலில் இருந்தாள். அண்ணன் கஸ்பார் ஆள் பிடித்து ஜாமீன் எடுத்தான். அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா என்று தர்மபுரி கோர்ட்டுக்கு அலைந்ததில் ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் டிரைவர் கூண்டில் ஏறினார். கல்லை யார் விட்டது, பார்த்தாயா என்று கேட்டார்கள். "கண்ணுல ரத்தம் ஊத்துச்சுங்க, யாரையும் பாக்கல" என்றார். சந்தேகத்தின் பலனை அளித்து எல்லோரையும் விடுவிப்பதாக மாஜிஸ்திரேட் தீர்ப்பு வாசித்தார். கஸ்பார் கோர்ட்டு வாசலிலேயே கல்கண்டு வாங்கிக் கொடுத்தான். அத்தோடு முடிந்தது என்றுதான் ராஜமேரியும் நினைத்தாள்.

அன்று பஸ்ஸில் தன் கை கொஞ்சமும் நடுங்காததை அவள் மறக்கவில்லை. துணைச் செவிலியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள். இரண்டு வருஷம் படித்துத் தேறினாள். 1971இல் அரசாங்க வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணைக்கான பாரம் வந்து சேர்ந்தது. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு நடந்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது.

கஸ்பார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். "இல்லன்னு எழுது. ஆமான்னு எழுதுனா வேல போச்சு. அதான் கோர்ட்டுல உட்டுட்டாங்கல்ல, அப்பறம் என்னா?"

"தண்டன வாங்குனியான்னு கேக்கலண்ணா. கைதானியா, கேஸ் நடந்துச்சான்னுதான் கேக்கறாங்க. ரெண்டும் நடந்துச்சே."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊருக்கே தெரியும். நாளைக்கு எவனாச்சும் மொட்டக் கடுதாசி போட்டான்னா, பொய் எழுதுனவன்னு வூட்டுக்கு அனுப்பிருவாங்க. அன்னைக்கு நான் கல்லு உடல. இன்னைக்குப் பொய் எழுதி நெசமாவே குத்தவாளி ஆவணுமா?"

ராஜமேரி 'ஆம்' என்று எழுதி, வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் கீழே எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.

விசாரிக்க ஒரு ஏட்டு ஊருக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு அவளிடம் வந்தார். "இத்தன வருசம் ஆச்சும்மா. இப்பவாவது சொல்லு, கல்ல யாரு உட்டது?"

"கல்லு வந்த பக்கம் நான் பாக்கலீங்க. ரத்தம் வந்த பக்கந்தான் பாத்தேன்."

ஏட்டு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அதன்பின் பேச்சு மூச்சில்லை. கூடப் படித்த பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாக வேலையில் சேர்ந்தார்கள். ஒருத்திக்கு அரூர், ஒருத்திக்கு ஓசூர். கஸ்பார் வாயைத் திறக்காமலே 'சொன்னேனே' என்பதை முகத்தில் காட்டிக்கொண்டு நடமாடினான். ராஜமேரி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பஸ் ஏறித் தர்மபுரி சுகாதார அலுவலகத்துக்கே போனாள். அங்கே அதிகாரியாக இருந்த டாக்டர் வெங்கடாசலம் கடுகடுப்பான ஆள் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவளை உட்காரச் சொன்னார்.

"போலீஸ் ரிப்போர்ட் வந்திருக்கு. கலவரக் கேஸ்ல இருந்திருக்கே."

"கோர்ட்டு விடுதலை பண்ணிருச்சுங்க. அதையும் எழுதியிருக்கனே."

"எழுதியிருக்கே, ஒத்துக்கறேன். ஆனா சந்தேகத்தின் பலன்னுதானே விட்டிருக்காங்க? நீ செய்யலன்னு சொல்லலியே. செஞ்சேன்னு நிரூபிக்க முடியல, அவ்வளவுதான். நாளைக்கு மேலேருந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக விடுதலை, விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தது பாதி விடுதலைதான் என்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழாமல் கேட்டாள். "அப்ப நான் செய்யலன்னு சொல்றதுக்கு ஆளு கொண்டாந்தா ஏத்துக்குவீங்களா?"

"யாரைக் கொண்டு வருவே? உங்க ஊர்க்காரங்களையா?"

"இல்லீங்க. அடிபட்டவரை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கூட்டிட்டு வா. மாசக் கடைசி வரைக்கும் அந்த இடத்தை நிரப்பாம வெச்சிருக்கேன்."

டிரைவரின் பெயர் தீர்த்தகிரி என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அங்கிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்றிருந்த கண்டக்டர்களை ஒருவர் விடாமல் விசாரித்தாள். இப்போது ஓசூர் வண்டி ஓட்டுகிறார், மத்தியானம் வருவார் என்று ஒருவர் சொன்னார். வெயிலில் காத்திருந்தாள். ஓசூர் வண்டி வந்து நின்றது. இறங்கிய டிரைவரின் நெற்றியில் புருவத்துக்கு மேலே கோணலாக ஒரு தழும்பு.

"அண்ணா, என்னத் தெரியுதுங்களா?"

"தெரியலியேம்மா."

"பனங்காட்டூரு. உங்க நெத்தியில கட்டுப் போட்டவ."

தீர்த்தகிரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அட! நீலத் தாவணி! அது நீயாம்மா? உன் மொகங்கூட அன்னைக்குச் செரியா தெரியல, எல்லாம் செவப்பாத்தான் இருந்துச்சு."

"அந்தக் கேஸ்ல என்னத்தாங்க ஜெயில்ல போட்டாங்க. கோர்ட்டுல நீங்க சாட்சி சொன்னப்ப எதுக்கால நின்னது நாந்தான்."

அவர் முகம் மாறிப்போயிற்று. "உன்னயா? நான் அந்தப் பக்கம் தலையத் தூக்கிக்கூடப் பாக்கலியேம்மா. கோர்ட்டுன்னாலே எனக்கு ஒதறலு."

"கட்டுப் போட்டவளப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லங்க?"

"யாரும்மா கேட்டாங்க? கல்ல உட்டது யாருன்னுதான் கேட்டாங்க. கட்டுனது யாருன்னு ஒருத்தருங் கேக்கலியே. கேட்டதுக்குச் சொல்லிட்டு எறங்கிட்டேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வந்து சொல்லணும்? இப்பவே வரட்டா?"

மறுபடி வண்டி எடுக்க நேரமாகிவிட்டதால் அன்று முடியவில்லை. தனக்கு டூட்டி இல்லாத அடுத்த நாளில், வெள்ளை வேட்டி சட்டையோடு சுகாதார அலுவலக வாசலில் அவளுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். டாக்டரின் அறைக்குள் போனதும், கேள்வியே கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். கல் தன் எதிர்ப்பக்கத்திலிருந்து, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்ததை, கண்ணாடி உடைந்த அடுத்த நிமிஷமே இந்தப் பெண் படிக்கட்டில் ஏறி வந்ததை, எல்லோரும் ஓடியபோது இவள் ஒருத்தி மட்டும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை.

"ஆஸ்பத்திரியில தையல் போட்ட டாக்டரு, இது யாரு கட்டுனது, நல்லா இறுக்கிக் கட்டியிருக்காங்கன்னு கேட்டாருங்க. அந்தப் புள்ளைக்கி நீங்க வேல குடுக்கலன்னா வேற யாருக்குங்க குடுப்பீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. சொன்னதை எழுதச் செய்து, கையெழுத்து வாங்கி, தன் சிபாரிசையும் சேர்த்து மேலே அனுப்பினார். ராஜமேரியிடம் ஒன்றுதான் சொன்னார். "நீ இல்லன்னு எழுதியிருந்தா இந்த டிரைவர் வந்தும் பிரயோஜனம் இல்ல. என்னால ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது."

ஆர்டர் வந்தது. ஏரியூர்ப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். தோழிகளுக்கு நாலு மாதம் பின்னால் சேர்ந்ததால் சீனியாரிட்டியில் கடைசியாகிவிட்டாள். தாமதம் தன் தவறல்ல என்று மனுப் போட்டுப் பார்த்தாள், மறுத்துவிட்டார்கள். அந்த ஒரு மனக்குறை அவளுக்குக் கடைசிவரை இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரியிடம்கூட ஒளிக்காமல் சொல்வாள்.

அவள் ஏரியூருக்குப் போகுமுன்பே அவள் கதை போய்ச் சேர்ந்திருந்தது. ஜெயிலுக்குப் போன நர்ஸ் என்று பேசிக்கொண்டார்கள். முதல் சில வாரம் பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்களே தவிர உள்ளே வரவில்லை. ராஜமேரி சந்தைநாளன்று கூட்டமாக நின்ற பெண்களிடம் தானே போய்ப் பேச்சைத் தொடங்கினாள்.

"ஆமாங்க, ஜெயிலுக்குப் போனவதான். அடிபட்ட ஆளுக்குக் கட்டுப் போட்டதுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. வேற எதாச்சும் தெரியணும்னா என்னையே கேளுங்க. பிரசவத்துக்கு மட்டும் தாமசம் பண்ணாதீங்க, சொல்லி அனுப்புங்க."

பெண்கள் ஜெயிலில் என்ன சோறு போட்டார்கள் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். சிரித்துவிட்டார்கள். அந்த மாதத்திலேயே ஒரு தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு அவளுக்கு ஓய்வே இல்லை.

1975இல் நிலையத்துக்கு ஒரு ஆயா தேவைப்பட்டது. தங்கம்மாள் என்ற விதவை வந்து கேட்டாள். அவள் மேல் சாராய வழக்கு இருந்தது. சந்தேகத்தின் பலன் எதுவும் கிடையாது, காய்ச்சி விற்றாள், பிடிபட்டாள், அபராதம் கட்டினாள்.

"இப்பவும் காய்ச்சறியா?" என்று ராஜமேரி கேட்டாள்.

"வுட்டு மூணு வருசம் ஆச்சும்மா. புள்ளைங்க பெருசாயிருச்சு, வெக்கமா இருக்குது."

"அப்ப கேட்டாங்கன்னா அதையே சொல்லு. ஒண்ணையும் மறைக்காத."

வட்டார டாக்டர் தயங்கினார். இரண்டு மாதம் இழுத்தடித்தார். ராஜமேரி மாதக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கேட்டாள். இந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் தங்கம்மாளுக்குத் திறப்பார்கள், அதற்கு நான் பொறுப்பு என்றாள். தொல்லை தாங்காமல்தானோ என்னவோ, கடைசியில் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

தங்கம்மாள் நன்றாகத்தான் வேலை செய்தாள். ஆனால் ஊசியைக் கொதிக்கவைக்கும் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் தினமும் சண்டை. தண்ணீர் எப்போது சரியாகக் கொதிக்கிறது என்று தனக்குத் தெரியாததா, எத்தனை அடுப்பு பார்த்தவள் தான் என்பாள் தங்கம்மாள். "அது வேற கொதி, இது வேற கொதி, மூடிய எடுக்காத!" என்று ராஜமேரி உள்ளேயிருந்து அதட்டுவாள்.