மரத்தடியிலிருந்து அறைக்குள்

அவர் மேல் இருந்த வெறுப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் நான்கு ஞாயிறு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விருதுநகரில் ஓர் எண்ணெய்க் கடையின் மாடி. கடலை எண்ணெய் வாடை எங்களுக்கு முன்பே படியேறி வந்து உட்கார்ந்திருக்கும். பணி ஓய்வு பெற்ற அந்தத் துப்பறியும் இன்ஸ்பெக்டர், குற்றக் கதை எழுதுகிற ஆறு பேருக்குப் போலீஸ் நடைமுறை சொல்லித் தந்தார். கவிதைக்காரி இங்கே எதற்கு என்று மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள்.

தெரிந்தேதான் போனேன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் என் அக்காவும் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். விசாரித்தவர் இவர். அக்கா அறைக்குள் வெடிமருந்தைக் கைதவறிப் போட்டாள் என்று இவர் எழுதிய ஒரு வரி எங்கள் தெருவில் குடியேறிவிட்டது. அம்மா குழாயடிக்குப் போனால் அந்த மூன்று வீட்டுக் குடங்களும் நகர்ந்துகொள்ளும்.

அக்கா அறைக்குள்ளேயே இல்லை. அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். சீசன் நெருங்கினால் மிச்சப் பேரை மரத்தடியில் உட்கார வைத்து வேலை வாங்குவார்கள். அறை வெடித்தது, சுவர் பறந்து அவள் மேல் விழுந்தது. வேப்பம்பூ உதிர்ந்த மண்ணில் அவளை நான் பார்த்தேன். சொன்னபோது யார் நம்பினார்கள்?

முதல் வகுப்பிலேயே அவர் எங்களை எள்ளினார். “சம்பவ இடத்தைப் பாத்து எழுதுறது மகஜர். அதுல அடிச்சுத் திருத்துனா பக்கத்துலயே சுருக்கொப்பம் வைக்கணும். உங்க கதைல ஒரு போலீஸும் வைக்க மாட்டேங்கான். துப்பாக்கி குடுக்கீகல்ல, ஒரு பேனாவும் குடுங்க.”

நான்காம் ஞாயிறு என் அத்தியாயத்தைக் கொடுத்தேன். கம்பெனி, வெடி, மரத்தடியில் ஒரு பெண். சிவப்புப் பேனாவோடு படித்தார்.

“ஏம்மா, நடை நல்லாருக்கு. நடைமுறைதான் இல்ல. பொணத்த மரத்தடில போட்டிருக்கீக.”

“அங்கனதான சார் கெடந்துச்சு.”

“கெடந்தா கெடக்கட்டும். மரத்தடின்னு எழுதுனா, வெளிய உக்கார வச்சது யாருன்னு கேள்வி வரும், லைசென்ஸ் போகும். அறைக்குள்ளன்னுதான் எழுதுவோம். கைதவறிருச்சுன்னு ஒரு வரி. செத்தவுக வந்து இல்லேங்கவா போறாக?”

யாரோ சிரித்தார்கள். அவர் ‘மரத்தடியில்’ என்பதை அடித்தார். ‘அறைக்குள்’ என்று எழுதினார். எழுதிய கை அங்கே நிற்கவில்லை. வாழ்நாள் பழக்கம், பக்கத்திலேயே கொக்கி போல ஒரு சுருக்கொப்பத்தையும் வைத்தது.

தாளை வாங்கி மடித்தேன். “தாயில்பட்டில செத்தது எங்க அக்கா சார். நீங்க எழுதுன வரிதான்.”

அவர் கை நீண்டது. “அதக் குடும்மா. கததான.”

“கதைக்கு எதுக்கு சார் ஒப்பம் வச்சீக?”

“கோர்ட்டுல செல்லாது.”

“கோர்ட்டுக்கு யாரு கொண்டுபோறா.”

நேராகத் தெருவுக்கு வந்து அந்த மூன்றில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். மகளை இழந்த அந்த அம்மா உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துத் தாளை வாங்கினாள். உள்ளே போய், பெட்டியிலிருந்த பழைய வழக்கு நகலை எடுத்து வந்தாள். இரண்டையும் படியில் வைத்தாள். நகலிலும் ‘அறைக்குள்’ என்ற திருத்தத்தின் பக்கத்தில் அதே கொக்கி இருந்தது. குனிந்து, விரலை அந்தக் கொக்கியிலிருந்து இந்தக் கொக்கிக்கு நகர்த்தினாள். நிமிர்ந்தபோதும் பார்வையில் பழைய கடுப்பு இருந்தது. ஆனால் அந்தப் பார்வை என் முகத்தின் மேல் இல்லை. எனக்குப் பின்னால், கம்பெனி வேன் வந்து நிற்கும் முக்கில் இருந்தது.

“ஒங்கம்மாவ வரச் சொல்லு” என்றாள். “மத்த ரெண்டு வீட்டுக்கும் நாங்க போறோம்.”