பச்சைப் பைலும் தரகரும்

மாத்தளை டவுனில் ஒரு சின்னத் தொழிற்பயிற்சிக் கல்லூரியின் அனுமதிக் கந்தோரில் பல வருஷமாக வேலை செய்கிறேன். நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான். பிள்ளைகள் கொண்டுவரும் விண்ணப்பங்களை வாங்கி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, எல்லாவற்றையும் பச்சைப் பைலில் கோத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவது என் வேலை. அலுமாரிக் கதவில் அம்மன் படம் ஒட்டியிருந்தது. அலுவிகாரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிவிட்டுத்தான் சாவியைப் போடுவேன். என் கையில் இதுவரை ஒரு பேப்பர் தொலைந்ததில்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

பேப்பர் கந்தோரை விட்டு அசையாமலே அதில் உள்ளது வெளியே போய்விடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணத் தரகர் ஒருவர் எனக்குக் கோயிலில் பழக்கம். என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். மகள் நன்றாக இருக்கிறாள். அந்த நன்றி எனக்கு இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை, பத்து மணி டீ நேரம் பார்த்து வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"என்ன அண்ணே, இந்த வருஷம் பிள்ளைங்க எப்படி?"

"நல்லா படிக்கிற பிள்ளைங்கதான்."

"படிப்பை யாரு கேட்டா? எனக்குக் குடும்பத்தைச் சொல்லுங்க. வீட்டுல போய்க் கேட்டா எல்லாத்தையும் ஏத்தித்தான் சொல்வாங்க. உங்க பைல்ல பொய் இருக்காது பாருங்க."

எங்கள் விண்ணப்பத்தில் எல்லாம் இருந்தது. படம், பிறந்த திகதி, விலாசம், அப்பாவின் தொழில், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது வரைக்கும். நான் பைலை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ ஊற்றப் போவேன். காசு வாங்கியதில்லை, அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை அமைந்தால் நமக்கும் புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

பல்லேபொலவிலிருந்து தாதி உதவியாளர் பயிற்சிக்கு ஒரு பிள்ளை விண்ணப்பித்திருந்தாள். மிளகுத் தோட்டம் வைத்திருப்பவரின் மகள். விண்ணப்பத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் எழுதி, பிறகு கோட்டை அழித்திருந்தாள். அவ்வளவு நேரான எழுத்தை நான் கண்டதில்லை. கொடுத்துவிட்டுப் போகும்போது மூன்று தடவை திரும்பி வந்து, "கிடைச்சிருமா சேர்?" என்று கேட்டாள். தெரிவுப் பட்டியலில் அவள் பெயர் வந்தபோது எனக்கும் சந்தோஷம்தான்.

வகுப்பு தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது அப்பாவும் மகளுமாக வந்தார்கள். கொடுத்த மூலப் பத்திரங்களைத் திருப்பி வாங்க வந்திருந்தார்கள்.

"நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கு சேர். கொழும்புல கடை வச்சிருக்காங்க. படிப்பைப் பெறகு பார்த்துக்கலாம்னு அவங்க சொல்றாங்க" என்றார் அப்பா.

அவள் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்பா அதைப் போட்டோகொப்பி எடுக்க வெளியே போனதும், குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

"சேர், வீட்டுக்கு வந்த தரகர்ட போன்ல என் படம் இருந்துச்சு. அது இந்த விண்ணப்பத்துக்குன்னே எடுத்தது. வேற யாருக்கும் நான் குடுக்கல. எப்படி சேர் அவர்ட போச்சு?"

என் மேசைக்கு வரும் அதே தரகர்தான். அவர் போனில் படம் பிடித்தது எனக்கே அப்போதுதான் தெரியும். நான் டீ ஊற்றிய நேரத்தில் நடந்திருக்க வேண்டும்.

"தெரியலையேம்மா" என்றேன்.

"சரி சேர்" என்றாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நல்ல இடம்தானே, இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு இஷ்டமில்லையே."

"நம்ம பிள்ளைட்ட மட்டும் இஷ்டம் கேட்டா செஞ்சோம்?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை கோயிலில் நின்றால் அம்மனிடம் ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டு மாசம் கழித்து, விண்ணப்பமெல்லாம் இனிக் கம்ப்யூட்டரில்தான் என்று அதிபர் மேடம் முடிவெடுத்தார். அதற்கு எந்த மென்பொருளை வாங்குவது என்று பார்க்க, கம்ப்யூட்டர் படிப்பிக்கும் மிஸ்ஸையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பாவிக்கப் போகிறவன் நான் என்பதால் எனக்கும் ஒரு கதிரை.

முதலில் ஒரு கம்பனியிலிருந்து டை கட்டிய தம்பி வந்தார். "இது முழுக்க இலவசம் மேடம்" என்றார்.

"அப்ப உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார் மிஸ்.

"பிள்ளைங்க விவரத்தை எங்களோட சேர்ந்து வேலை செய்யிற கம்பனிகளுக்குக் குடுப்போம் மிஸ். டியூசன், லோன், போர்டிங் மாதிரி. பிள்ளைங்களுக்கும் அது உதவிதானே."

நானும் உதவி என்று சொல்லித்தான் செய்தேன்.

அடுத்த கம்பனியிலிருந்து வந்த அம்மா சிங்களமும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார். அவர்களுடையதற்குக் காசு கட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் தனித்தனிக் கடவுச்சொல். ஒரு பிள்ளையின் விவரத்தை யார் திறந்தாலும், யார், எத்தனை மணிக்கு, எதற்காக என்று பதிவாகும். இடம் கிடைக்காத பிள்ளைகளின் விவரம் அனுமதி முடிந்ததும் அழிந்துவிடும். எங்கள் பழைய விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளையைச் சேர்க்கிறதுக்கு அப்பா தொழில் எதுக்கு?" என்று கேட்டார். எப்போதும் இருந்தது, கேட்டோம், அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு மேடம், "இலவசமாவே கிடைக்கும்போது இது எதுக்கு? நம்ம கந்தோர்ல யாரு திருடப் போறா?" என்றார்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இலவசத்தை வாங்கினால் வரப்போகிற பிள்ளைகளுக்கெல்லாம் பல்லேபொலப் பிள்ளையின் கதிதான்.

"நான்தான் மேடம்" என்றேன். தரகருக்குப் பைலைக் காட்டியதையும், பிள்ளை கேட்டபோது பொய் சொன்னதையும் சொல்லி முடித்தேன்.

மேடம் பைலில் நம்பரைத் தேடி, எனக்கு முன்னாலேயே பல்லேபொலவுக்குப் போன் எடுத்தார். கல்யாணக் கார்ட் அடித்தாயிற்று என்று அப்பா சொன்னார். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னதற்கு, தோட்டத்தில் நிற்கிறாள் என்றார். "அடுத்த வருஷம் விண்ணப்பிச்சாலும் அவளுக்கு இடம் இருக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் மேடம்.

"அலுமாரிச் சாவியைத் தாங்க" என்றார். கொடுத்தேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.

காசு கட்டுகிறதைத்தான் வாங்கினோம். இப்போது படமும் அப்பா தொழிலும் கேட்பதில்லை. தரகர் ஒரு நாள் வந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் பெட்டிக்குள்ள போயிருச்சா? நீங்க திறக்கலாம்தானே?"

"திறந்தா பதிவுல என் பேர் விழும்."

"அம்மன் படத்துக்கு முன்னாலயே திறந்து காட்டின மனுசன், இந்தப் பெட்டிக்குப் பயப்படுறீங்களா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீயும் ஊற்றவில்லை.

இந்த வருஷ விண்ணப்பம் போன கிழமை தொடங்கியது. இரண்டு கவுண்டர்; ஒன்றில் மிஸ், மற்றதில் நான். என்னிடம் வராதவர்களின் விவரத்தைத் திறக்க நான் காரணம் எழுத வேண்டும். மேடம் அதை மாசா மாசம் வாசிப்பார். நேற்று மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் பல்லேபொலப் பிள்ளையின் பெயரை அடித்தேன். கல்யாணம் ஆகியும் திரும்ப விண்ணப்பித்திருக்கிறாளோ, இல்லையோ. காரணம் என்ற இடம் வந்து நின்றது. என் மனசு ஆறுவதற்கு என்று எழுதவா? மிஸ்ஸிடம் கேட்டால் ஒருவேளை சொல்லுவார். ஆனால் அதுவும் தரகர் என்னிடம் கேட்ட மாதிரிதான் இருக்கும். அடித்த பெயரை எழுத்தெழுத்தாக அழித்தேன்.

கவுண்டருக்கு ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். திரையை என் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு, அடையாள அட்டையைக் கேட்டேன்.