பைப்பில் விழுந்த மூன்று தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமி கும்பிடுவேன், ஒரு காலத்தில் ஏகாதசிகூட இருந்திருக்கிறேன், ஆனால் ஆவி, அசரீரி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் வலியசாலைத் தெருவில் அந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது, ஒன்றையும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. பிசிக்ஸ் படித்தவள், தலை நரைக்கிறவரை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவள். நீங்கள் இப்போது சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. திருவனந்தபுரத்தில் கடலோரமாக ஒரு ஆராய்ச்சிக்கூடம், பெயர் வேண்டாம். ராக்கெட்டுக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டிதான் எங்கள் தலைவலி. தொட்டிக்குள் திரவம் அலம்பினால் ராக்கெட் சாயும், சாய்ந்ததை நிமிர்த்த மோட்டார் திரும்பும், மோட்டார் திரும்பினால் திரவம் இன்னும் அலம்பும். எங்கள் சீஃப் கரும்பலகையில் இரண்டு சமன்பாடு எழுதி, இதில் இருக்கிற எழுத்து அதிலும் அதில் இருக்கிற எழுத்து இதிலும் வருவதைக் காட்டி, "இது ரெண்டும் இறுகப் பிணைஞ்சு கிடக்கு. தனித்தனியா தீர்த்தா ரெண்டு விடையும் பொய்" என்பார். ஒரே நேரத்தில் இரண்டையும் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக இரண்டு அறை. என் அறையில் அனலாக் கம்ப்யூட்டர், பீரோ உயரம், முகம் பூராவும் ஓட்டைகள், ஓட்டைகளில் வயர்களைச் சொருகித்தான் கணக்குப் போட வேண்டும். வராந்தாவுக்கு அந்தப் பக்கத்து அறையில் எண்ணெய் அழுத்தத்தில் ஆடும் ஒரு இரும்பு மேடை, அதன்மேல் நிஜமான தண்ணீர்த் தொட்டி. என் மெஷின் சொல்கிறபடி மேடை ஆடும், ஆடிய தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்பது ஒரு கேபிள் வழியாக என் மெஷினுக்கே திரும்பி வரும். எல்லாவற்றையும் பேனாக்கள் நீளக் காகிதத்தில் வரைந்துகொண்டே போகும். என் பலகையில் பதினேழாம் நம்பர் குமிழ் ஒன்று உண்டு, அதுதான் இரண்டு அறைக்கும் பிணைப்பு. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் மேடை நின்றுவிடும்.

ஆனால் யாராவது மேடைமேல் ஏற வேண்டுமென்றால் குமிழ் மட்டும் போதாது, கேபிளின் பிளக்கையும் உருவிவிட வேண்டும், அது சட்டம். உருவினால் சனியன், திரும்பச் சொருகி எல்லா ஆம்ப்ளிஃபையரையும் ஒவ்வொன்றாகச் சமன் செய்ய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதனால் நான் இரண்டு மூன்று தடவை பிளக்கை உருவாமலே "உருவியாச்சு" என்று சொல்லியிருக்கிறேன். இதை நான் யாரிடமும் இவ்வளவு நேராகச் சொன்னது கிடையாது.

மேடை அறையைப் பார்த்துக்கொண்டவர் சேவியர் சேட்டன். விழிஞ்ஞத்துக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம், இவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்து ஸ்பேனரைப் பிடித்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சிறு திருகுகளை அவர் முடுக்குவதைப் பார்க்க வேண்டும், அந்த விரல்களுக்குத் தனியாகக் கண் இருந்தது. ஆறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சேர்ந்து வேலை செய்தோம். மழைக்காலம் வந்தால் இன்டர்காம் செத்துவிடும், கடற்காற்றின் ஈரம். அதனால் இரண்டு அறைக்கும் பொதுவாக ஓடிய இரும்புத் தண்ணீர்ப் பைப்பில் ஸ்பேனரால் தட்டிக்கொள்வோம். மூன்று தட்டினால் தயார், ஒன்று தட்டினால் நிறுத்து. அவர் தட்டு டக்டக்டக் என்று ஒரே அளவில் விழும். நான் இரண்டு தட்டி, மூச்சு வாங்கி, மூன்றாவதைத் தட்டுவேன். "எந்தா கௌரி, மூணாவது தட்டுறதுக்கு பஸ் பிடிச்சா போறே?" என்று கேலி பண்ணுவார். பைப்பையும் தொட்டியின் தாங்கியையும் ஒரு நீள இரும்புச் சட்டத்தால் பிணைத்திருந்ததால் எங்கள் தட்டெல்லாம் காகிதத்திலும் சின்னச் சின்ன முள்ளாக விழும், அது எங்களுக்குப் பழக்கம்.

அது ஆனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை சீஃபின் மேஜையில் முடிவு இருக்க வேண்டும் என்று உத்தரவு, அதனால் லீவு நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அன்றைக்குப் பார்த்து என்னைப் பெண் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அம்மா காலையிலேயே பிடித்துக்கொண்டாள். "அஞ்சு மணிக்கு அவாள்ளாம் வந்துடுவா. நீ பாட்டுக்கு ஆபீஸ்ல உக்காந்துண்டு என் மானத்தை வாங்காதே, நாலு மணிக்கு ஆத்துல இருக்கணும், கேட்டியோ?" என்றாள். அதற்கு முன் மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. எனக்கும் ஆசை இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

மத்தியானம் இரண்டரை மணிக்கே டியூப் லைட் போட வேண்டிய இருட்டு. மழை என்றால் அப்படி ஒரு மழை. கடைசி ஓட்டம் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள் இருந்த தடுப்புத் தகட்டின் திருகு லூசாகிவிட்டது. சேவியர் சேட்டன் வராந்தாவைத் தாண்டி என் வாசலில் வந்து நின்றார்.

"கௌரியே, பதினேழைப் பூஜ்யமாக்கு, பிளக்கை ஊரு. ஞான் மேல கேறி அந்தத் தகட்டை முறுக்கிட்டு வரேன். பத்து நிமிஷம் மதி."

நான் குமிழைத் திருப்பினேன். பிளக்கைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உருவியாச்சு சேட்டா, போங்கோ" என்றேன்.

"இன்னைக்குப் பெண்ணுகாணல் அல்லே? பேடிக்காதே, நேரத்தோட அனுப்பி வைக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

உட்கார்ந்திருந்தேன். புடவை மாற்றிக்கொள்ள நேரம் இருக்குமா, பூ வாங்க நிற்க முடியுமா என்றெல்லாம் மனசு ஓடுகிறது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பைப்பில் தட்டு கேட்டது. மூன்று. நான் நன்றாகக் கேட்டேன், மழைச் சத்தத்துக்கு மேல் இரும்புச் சத்தம், சந்தேகமே இல்லை. அப்பாடா, வேலை முடிந்தது என்று பேனாக்களை ஓடவிட்டேன், பதினேழாம் குமிழில் கை வைத்துத் திருப்ப ஆரம்பித்தேன்.

நம்பினால் நம்புங்கள், கால்வாசி திருப்பியிருப்பேன், ஒரே ஒரு தட்டு. என் காதுக்குள்ளேயே அடித்த மாதிரி. நிறுத்து. யோசிக்கவே இல்லை, ஆறு வருஷப் பழக்கம், கை தானாகவே குமிழைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் அலறல் கேட்டது.

ஓடினேன். சேவியர் சேட்டன் தாங்கிமேல் ஏறித் தொட்டிக்குள் குனிந்து கிடக்கிறார். இடது கை தோள்வரை தண்ணீருக்குள், வலது கை தொட்டி விளிம்புக்கும் தாங்கிக்கும் நடுவில். தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. பைப் அவரிடமிருந்து எட்டடி தள்ளி இருக்கிறது. தட்டுகிற ஸ்பேனர் அதன் ஆணியில் ஆடாமல் அசையாமல் தொங்குகிறது. அறையில் வேறு ஆள் கிடையாது. கேட்டில் காவல்காரர் ஒருவர், அவரும் நான் கத்திய பிறகுதான் குடையோடு ஓடி வந்தார்.

ஜீப்பை வரவழைத்து, காவல்காரரும் டிரைவருமாக அவரைத் தூக்கி ஏற்றினார்கள். ஏறப் போகும்போது நான், "சேட்டா, நீங்க எதுக்கு மூணு தட்டினேள்?" என்று அழுதேன். அந்த வலியிலும் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஞான் தட்டல்ல மோளே. என் ரெண்டு கையும் மேல அல்லே இருந்தது? எனக்கு ஒரு சத்தமும் கேக்கல்ல."

ஜீப் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்ப என் அறைக்குப் போனேன். பிளக்கை உருவினேன். காகிதத்தைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சே, இப்போது சொல்லும்போதும் கை கூசுகிறது.

சேட்டனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று, மோதிர விரலும் சுண்டு விரலும். கால்வாசி ஆட்டத்துக்கு இரண்டு விரல். முழுசும் ஆடியிருந்தால் மேடை அவர் மார்பைத் தாங்கியோடு சேர்த்து நசுக்கியிருக்கும், சீஃபே கணக்குப் போட்டுச் சொன்னார். விசாரணை வந்தது. பிளக் உருவியிருந்ததா என்று என்னைக் கேட்டார்கள், ஆமாம் என்றேன். எண்ணெய் அழுத்தம் எகிறி மேடை தானாகத் துள்ளியது, பம்பை நிறுத்தாமல் ஏறியது தன் தப்பு என்று சேவியர் சேட்டனே எழுதிக் கொடுத்தார். கவனக்குறைவு என்று அவர் பேரில் எழுதி, ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் திருகு முடுக்கவில்லை, அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர்கள் ஆறு மணி வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். அதோடு சரி.

காகிதத்தை ஒரு வாரம் கழித்துத்தான் பிரித்துப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் விரித்து. ஒற்றைத் தட்டு, என்னை நிறுத்தச் சொன்ன தட்டு, அது காகிதத்தில் இல்லவே இல்லை. மேடை துள்ளுகிறது, நிற்கிறது, நடுவில் ஒரு முள்கூடக் கிடையாது. சரி, அது என் மனப்பிரமை, பயத்தில் வந்த புத்தி என்று வைத்துக்கொண்டேன். ஆனால் மூன்று தட்டு இருந்தது. பேனாக்கள் அப்போது ஓடவில்லையே என்பீர்கள். நின்ற காகிதத்தில் பேனா ஒரே இடத்தில் மேலும் கீழும் உதறி, மை தடித்து, மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை. தனித்தனியாக விழுந்திருந்தன, காகிதம் ஓடிக்கொண்டிருந்த மாதிரி. இதை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வருஷங்கள் போயின. விழிஞ்ஞம் சர்ச்சில் பெருநாள் முடிந்ததும் சேவியர் சேட்டன் ஒரு சீப்பு ஏத்தம்பழத்தோடு எங்கள் தெருவுக்கு வருவார். "கௌரிக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்திச்சேன்" என்பார். தன் உயிரைக் காப்பாற்றியவள் என்று கூட வரும் பெண்டாட்டியிடம் என்னைக் காட்டுவார். அந்தப் பழத்தை ஒரு தடவைகூட நான் வாயில் வைத்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு நெஞ்சுக்கோளாறு வந்து இளைத்துப் போனார். அந்த வருஷமும் வந்தார், தன் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு. இனிமேல் தாங்காது என்று நினைத்து டிரங்குப் பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"சேட்டா, அன்னைக்கு நான் பிளக்கை உருவவே இல்லை" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மோளே. பிளக் ஊரியிருந்தா அந்த மேடை அப்படி ஆடுமா? ஞானும் அந்த மெஷினோட ஆறு வருஷம் இருந்தவனல்லே" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பின்னே எதுக்கு உங்க தப்புன்னு எழுதிக் குடுத்தேள்?"

"நீ நிறுத்தினேயல்லே? நிறுத்தினவளை எப்படிக் காட்டிக்கொடுக்க?" என்றார். சொல்லிவிட்டு மிச்சமிருந்த மூன்று விரலால் காகிதத்தைத் தடவிக்கொண்டே வந்தவர், அந்த மூன்று முள்ளில் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

இரண்டு முள் பக்கத்தில் பக்கத்தில். ஒரு இடைவெளி. பிறகு மூன்றாவது.

"கௌரி," என்றார் மெதுவாக, "இது நீ தட்டினதல்லே?"

நான் எனக்கே சொல்லிக்கொள்ளாமல் ஒளித்து வைத்திருந்த விஷயம் அது. தரையில் விரித்த அன்றைக்கே எனக்கு அந்த இடைவெளி தெரிந்துவிட்டது. ஆனால் அன்று நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, என் ஸ்பேனரைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், சீக்கிரம் முடியட்டும், முடியட்டும் என்று நினைத்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அவர் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பெண்ணைக் கூப்பிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த பெருநாளுக்கு அவர் இல்லை.

காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். நீங்கள் வந்தபோது நான் உங்கள் பக்கத்து வீட்டு வாசலில் மழையில் நின்றுகொண்டு சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனே, கதவைத் தட்டக் கூடாதா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நான் எதையும் தட்டுவதில்லை.