தோப்புத் தெருவுக்காக உயர்ந்த கை

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அவரை நினைத்தால் முதலில் முகம் வருவதில்லை. மலையிலிருந்து இறங்கும் ஈரக் காற்றுதான் வருகிறது. அதற்குப் பின்னால் மெதுவாக அவர் வருகிறார்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். அம்மா சீக்கிரமே காலமானதால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்குப் போனார். மாலையில் தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகளோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்தது அந்த உழைப்பில்தான். பிறகு கான்சாபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பின், வயலையும் இரண்டு பிள்ளைகளையும் அவரையும் அக்காவே பார்த்துக்கொண்டார்.

அந்த ஊரில் புது ரேஷன் கடை கட்ட இடம் தேடினார்கள். அக்கா வீட்டை ஒட்டிய புறம்போக்கில்தான் வரும் என்று பேச்சு அடிபட்டது. அத்தானே கம்பை ஊன்றிப் போய் வாங்கி வந்துவிடலாம். அக்காவுக்கு வேறென்ன வேண்டும்? ஒருநாள் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் கிராம சபைத் தீர்மான நோட்டோடு வந்தார்.

“கடை உங்க வீட்டுப் பக்கத்துலதான் வருதுக்கா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“கூட்டம் எப்போ நடந்துச்சு?”

“நடந்த மாதிரிதான்க்கா. கூப்பிட்டா யாரு வாரா?”

“அப்போ நானும் போட்ட மாதிரிதான். கொண்டு போங்க.”

அத்தானுக்குக் கோபம். “வீடு தேடி வாரதை ஏன் வேண்டாங்குற?” என்றார்.

“கடை வேண்டாம்னா சொன்னேன்? அம்புட்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணட்டும்னுதான் சொல்லுதேன்” என்றார் அக்கா.

காந்தி ஜெயந்தி அன்று கூடும் கிராம சபைக்கு முந்தைய வாரம் முழுவதும், வயல் வேலை முடித்து வெயில் சாய்ந்த பிறகு, அக்கா வீடு வீடாகப் போய் அழைத்தார். தோப்புத் தெருவுக்கும் போனார். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. அங்கிருந்து யாரும் கூட்டத்துக்கு வந்ததே இல்லை.

“எங்களை யாருக்கா கேக்கப் போறா?” என்றார்களாம்.

“கேக்க மாட்டாவ. நாமதான் போய்ச் சொல்லணும்” என்றாராம் அக்கா.

அன்று நானும் போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். மலையிலிருந்து மேகம் இறங்கி மைதானமே மங்கிக் கிடந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து தோப்புத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டதை இன்றும் கனவில் காண்கிறேன். அவர்களில் மாரியம்மாள் என்பவர் முந்தானையை இறுகப் பிடித்தபடி எழுந்தார்.

“உங்ககிட்ட வண்டி இருக்கு. நாங்க அரிசியைத் தலையில வச்சு வரப்புல நடக்கோம். கடைக்கு வார அன்னிக்குக் கூலியும் போகுது. போன மழையில நான் வழுக்கி விழுந்து அம்புட்டு அரிசியும் சேத்துல போச்சு. எங்க தெருவுல கட்டினா என்ன?”

அதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஊராட்சித் தலைவர். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்களை மூடியிருந்தார். அத்தானை நினைத்திருப்பார். பிறகு கண் திறந்து, கையை உயர்த்தினார். அவரைப் பார்த்து மற்ற கைகளும் எழுந்தன. கடை தோப்புத் தெருவுக்குப் போனது.

“இதுக்காகவா அக்கா வீடு வீடா அலைஞ்ச?” என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

“வந்து பேசுங்கன்னுதானே ஏட்டி கூப்பிட்டேன். எனக்காகப் பேசுங்கன்னா கூப்பிட்டேன்?” என்றார். சொல்லிவிட்டு அழுதார். “உங்க அத்தான்கிட்ட என்ன சொல்லுவேன்?”

அத்தான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, “அந்தப் பொம்பள சொன்னது நியாயந்தான்” என்றார். அதன் பிறகு மாதந்தோறும் அக்கா பையோடு அந்த வரப்பில் நடந்தார். “நடக்கையில மலையும் கூடவே வருது” என்பார்.

கடைசி நாட்களில், ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனையில் மருந்து மயக்கத்தில் கிடந்தபோதும் அவர் மனதுக்குள் தெருத் தெருவாக நடந்துகொண்டுதான் இருந்தார். “செத்த நேரம் பொறுங்க, இன்னும் ஆளுக வாராவ” என்று யாரிடமோ கெஞ்சினார். “யாருக்கா வாரா?” என்று கேட்டேன். கண் திறக்காமலே சிரித்தார். “எல்லாரும்” என்றார்.

அவரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஜெபத்தில் தாங்கிய திருச்சபையாருக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அடக்க ஆராதனைக்கு வந்து நின்ற தோப்புத் தெரு மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா போன பிறகு ஒரு கிராம சபையையும் தவறவிடாமல், பிள்ளைகள் தோளைப் பிடித்துக்கொண்டாவது போய் முன்வரிசையில் உட்காருகிற அத்தானுக்கும் என் நன்றி.