சலங்கை வராத ஆம்ப்ளிஃபயர்

எங்கள் வீட்டில் முதல் மரியாதை ஆம்ப்ளிஃபயருக்குத்தான். மரப்பெட்டி, முன்பக்கம் பாட்டுக்கு ஏற்றபடி துடிக்கும் இரண்டு ஊசிகள், விரலுக்கு இதமான பெரிய குமிழ்கள். கல்யாணத்துக்கு முன்பே அப்பா யாரிடமோ பழசாக வாங்கியது. இந்த வீட்டில் அம்மாவைவிட அதுதான் சீனியர் என்பார், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து.

அப்பாவுக்குத் திண்டுக்கல்லைத் தாண்டி, வடமதுரை போகிற வழியில் ஒரு நூல் மில்லில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மெஷின்களுக்கு நடுவில் நின்றவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால், சாப்பாட்டில் கொஞ்சம் உப்பு கேட்டால்கூட எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அவரிடம் ஒரு கும்மிப்பாட்டுக் கேசட் இருந்தது. பாட்டுக்குப் பின்னால் மெலிதாக ஒரு சலங்கைச் சத்தம் வரும். அதற்காகவே அதைத் தேய்ந்துபோகும் வரை கேட்பார். ஒருநாள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, சலங்கையைக் காணோம் என்றார். வைத்த சாமானைத் தேடுகிற மாதிரி ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமாவுக்கு ஆள் போனது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தாலும் அவர் மனசெல்லாம் பாட்டுப் பெட்டிகளில்தான். எதையும் பிரித்துவிடுவார். திரும்ப மூடும்போது இரண்டு திருகாணி மிஞ்சும். கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டது என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயரில் இருந்த பழைய கண்டன்சர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்துப் பற்றவைத்தார். கேசட்டைப் போட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரோ எங்கள் கூடத்துக்கே வந்து ஆடுகிற மாதிரி சலங்கை அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு மாப்ள. சலங்கைதான் வரல."

"எனக்குக் கேக்குதேப்பா" என்று நான் ஆரம்பிப்பதற்குள், மாமா தட்டிலிருந்த சிறுமலைப் பழத்தை உரித்து என் வாயில் திணித்துவிட்டார்.

"ஆமா மாமா, வரலதான். பொட்டிக்கு வயசாயிருச்சுல்ல? நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றாக வேலை செய்துவிட்டு, செய்யவில்லை என்று ஒத்துக்கொள்ளும் மெக்கானிக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதன்பிறகு மாமா ஞாயிறு தவறாமல் வந்தார். ஒரு வாரம் டோன் போர்டை மாற்றினார். இன்னொரு வாரம் ஸ்பீக்கர் தலையில், கீச்சுச் சத்தங்களுக்கென்றே இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைப் புதிதாக ஏற்றினார். ஈயப் புகை வாடை எங்கள் கறிக்குழம்பு வரைக்கும் வந்தது. "ஏலே, இந்தப் பொட்டிய ஒண்ணு பொழைக்க வையி, இல்ல தூக்கிட்டுப் போயிரு" என்று அம்மா கத்தினாள். சத்தம் கூர்மையாகிக்கொண்டே போனது. அப்பாவுக்கு மட்டும் சலங்கை வரவில்லை.

கடைசியில் ஒருநாள் அவர் ஆம்ப்ளிஃபயர் மேல் துண்டைப் போட்டு மூடினார். "பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுருவோம் மாப்ள. அதுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்" என்றார். அப்பா மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா மாமாவைக் கொல்லைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் என்னவோ குசுகுசுத்தாள். மத்தியானச் சோற்றுக்கு வெஞ்சனம் என்ன வாங்குவது என்று பேசுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமா பெட்டியின் பின்பக்கம் ஓட்டை போட்டுப் புதிதாக ஒரு குமிழ் வைத்தார். மெல்லிய சத்தங்களை மட்டும் தூக்கிக் கொடுக்கிற மாதிரி தனியாக ஒரு போர்டு செய்து கொண்டுவந்திருந்தார். பெட்டியைப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவோடு வேலை பார்க்கும் நாலைந்து பேரும் கடைசியாக ஒரு பாட்டு கேட்க வந்திருந்தார்கள்.

மாமா குமிழைத் திருப்பினார். சலங்கை பித்தளைச் சொம்பைத் தரையில் இழுக்கிற மாதிரி கீச்சிட்டது. எனக்குப் பல் கூசியது. வாசலுக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள்.

உள்ளே அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வந்துருச்சு மாப்ள! வந்துருச்சு!"

மில்காரர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒருவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். இன்னொருவர், "இம்புட்டு நாளா இது எங்கய்யா போச்சு?" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு ரசனையே தனிதான் போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். ரொம்ப வருஷம் அதை வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அந்தப் பெட்டிக்கு முதலிலிருந்தே ஒரு குறையும் இல்லை என்பதோ, அத்தனை பேர் காதிலிருந்தும் மில் எதை எடுத்துக்கொண்டது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

அம்மா என் காதுகளைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தினாள். பொத்தியபடியே உள்ளே பார்த்து, "ஏலே, இன்னும் செத்த கூட்டி வைடா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சத்தம் தாங்காமல்தான் கலங்குகிறது என்று நினைத்தேன். பிறகு ஏன் கூட்டச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.