தங்கலட்சுமி எழுதிய திருத்தம்

மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறியவள் தங்கலட்சுமி. பிறகு அருப்புக்கோட்டையில் நர்ஸ் உதவியாளர் படிப்பை முடித்து, பரளச்சியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் காணொலி மருத்துவ மையத்தில் சேர்ந்தாள். அவள் ரத்தம் சோதித்துக் கணினியில் ஏற்றினால், மதுரையில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசி மருந்து எழுதுவார்.

சென்ற ஆண்டு பதிவுகளெல்லாம் பிளாக்செயினுக்கு மாறின. ஒவ்வொரு பதிவும் பல ஊர்க் கணினிகளில் ஒரே நேரத்தில் ஏறி, முந்தைய பதிவோடு சங்கிலியாகப் பிணைந்துகொள்ளும். யாராலும் அழிக்க முடியாது என்று பயிற்சி கொடுக்க வந்த ஆனந்தகுமார் விளக்கினார். தப்பு நேர்ந்தால் புதிதாகத் திருத்தம் சேர்க்கலாம். பழையதும் பக்கத்திலேயே நிற்கும்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜக்கம்மாள் என்ற பெயரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மற்றவள் மூட்டு வலிக்காக வந்தவள். மதியம் சீட்டுகளை அடுக்கும்போதுதான் தங்கலட்சுமி தப்பைக் கண்டாள். சர்க்கரை அளவு மூட்டு வலிக்காரியின் பதிவில் ஏறியிருந்தது. அதை நம்பி டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையோடு அவள் போய்விட்டாள்.

கூப்பிட்டுப் பார்த்தாள், ஜக்கம்மாள் போனை எடுக்கவில்லை. குளுக்கோஸ் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தங்கலட்சுமி ஸ்கூட்டியை விரட்டினாள். ஜக்கம்மாள் மிளகாய்க் காட்டு வரப்பில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மாத்திரை உள்ளே போயிருந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் பேசி, 108 வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பின்னாலேயே வந்த கணவர் ராமசுப்புவிடம், தப்பு தன்னுடையது என்று அங்கேயே சொன்னாள். அவர் கத்தித் தீர்த்தார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து ஆனந்தகுமார் போனில் கூப்பிட்டார். "முதப் பதிவ எடுக்க முடியாதுக்கா. மிஷின் கோளாறுன்னு திருத்தம் போட்ருங்க. ஒங்க பேரு தப்பிச்சிரும்."

"மிஷின் என்ன சார் பண்ணுச்சு? பேர மட்டும் பாத்து ஏத்துனது நான்தான். நாளைக்கு எந்த டாக்டரு பாத்தாலும் நடந்தது நடந்தபடி தெரியணும்ல."

'பெயர் ஒன்றாக இருந்ததால் நான் மாற்றி ஏற்றிவிட்டேன். இவருக்குச் சர்க்கரை நோய் இல்லை' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். மறுநாள் காலையில் சர்க்கரைக்கார ஜக்கம்மாளைக் கூப்பிட்டு அவளுக்குரிய மருந்தையும் வாங்கிக் கொடுத்தாள்.

விசாரணை முடியும்வரை இரண்டு வாரம் தங்கலட்சுமியை வேலைக்கு வர வேண்டாமென்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள். ஆனால் அந்தத் திருத்தத்தைப் படித்த பிறகுதான் மற்ற மையங்களின் பதிவுகளையும் தோண்டிப் பார்த்தார்கள். இதே பெயர்க் குழப்பம் பதினோரு இடத்தில் நடந்திருந்தது. எல்லாவற்றிலும் மிஷின் கோளாறு என்றே இருந்ததால் யாரும் காரணம் தேடவில்லை. இப்போது நோயாளியின் படமும் பிறந்த வருடமும் பொருந்தினால்தான் எந்த மையத்திலும் அளவு ஏறும்.

மூட்டு வலிக்கார ஜக்கம்மாள் இரண்டு நாளில் தேறி வீடு திரும்பினாள். ராமசுப்பு இன்றும் தங்கலட்சுமியோடு பேசுவதில்லை. மனைவியை மாதாமாதம் அவளிடம்தான் கூட்டி வருகிறார்.