மாமா கிளறிய சாக்லேட் ஃபட்ஜ்

நான் இரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு, தீபாவளி விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை அது. நாளில் சந்தேகமில்லை, திங்களன்று பள்ளி திறந்தபோது வீட்டுப்பாடம் எழுதாமல் போய் அடி வாங்கியவன் நான்தான்.

ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா, கோகோ பொட்டலத்துடன் விஷ்ராந்த்வாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் ஏரவாடாவில் பெண் கேட்கப் போக வேண்டும். பெண் உடன் வேலை பார்ப்பவள், மராத்திக்காரி. பெற்றோர் இல்லாத மாமாவுக்கு எல்லாம் என் அம்மாதான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் அக்கா செய்த இனிப்போடுதான் பெண் வீட்டுப் படி ஏற வேண்டும்.

"பொண்ண நீயே பாத்துக்கிட்டல்ல? ஸ்வீட்டையும் நீயே பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு அம்மா வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு லோணாவளா ஊர்க் கடைகளில் விற்கும், பர்பி போன்ற சாக்லேட் ஃபட்ஜ் என்றால் உயிராம். மாமா பால், சர்க்கரை, கோகோ எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சினார். அதுவரை பழுதில்லை. இறக்கியபின் தொடாமல் ஆறவிட வேண்டும். தேங்காய் பர்பி தின்று வளர்ந்த மாமாவோ இறக்கியும் விடாமல் கிளறினார். பாத்திரத்தில் ஈரமணல் மிஞ்சியது.

"அரே, வீடு கட்டப் போறியாடா?" என்றாள் அம்மா.

மாமா சிரிக்கவில்லை. "விடுக்கா, கடையில வாங்கிக்கறேன். தனியாத்தானே போறேன்."

அம்மா வெங்காயத் தட்டை ஒதுக்கி வைத்து எழுந்தாள். பிறகு கை கழுவி, அரை டம்ளர் பால் ஊற்றிப் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து இறக்கினாள். "தொட்ட, கைய ஒடைப்பேன்" என்றாள் மாமாவிடம். பாத்திரத்தின் அடி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வெண்ணெய் போட்டு, பளபளப்பு மங்கும்வரை அடித்தாள். நெய் தடவிய தட்டில் கொட்டி வில்லை போட்டாள்.

டப்பாவை மூடி நீட்டியபோது சொன்னாள்: "யாரு பண்ணதுன்னு கேப்பாங்க. எங்க அக்கா பண்ணதுன்னு சொல்லு."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமாதான் பண்ணாரு! நீ கடைசியிலதான் வந்த!" என்று கத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. காலண்டரில் அன்றைய கட்டத்தில் 'அம்மா பொய்' என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.

மாமா டப்பாவைப் பிடித்தபடி நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. அத்தனை நேரம் கிளறியும் பெயர் கிடைக்காத துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.